ரெண்டு சொட்டுக்கு மேல் போனால் ஊறுகாய்

புனேயில் கிடார் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாமலே கிடாரைத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு புனேயை ஒட்டிய நிக்டியில் ஒரே வீட்டில் இரண்டு வருஷம் குடியிருந்தவன் என்ற தகுதியில் இதை அடித்துச் சொல்கிறேன். மறுக்கிறவர்கள் முதலில் தங்கள் கிடாரை எடுத்து வந்து காட்டட்டும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தில்கூட அதுதான் இருக்கும். ஆனால் எங்கள் செக்டார் முழுக்க அவர் 'ரெண்டு சொட்டு'தான். கிடாரின் கழுத்தில், கம்பிகளுக்கு அடியில், விரல் வைத்து அழுத்துவதற்கு ஒரு மரப்பலகை இருக்கிறதல்லவா, ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளைக் குறுக்கே பதித்தது, அதன் பெயர் ஃப்ரெட்போர்டு. அதற்கு எவ்வளவு எண்ணெய் போட வேண்டும் என்று யார் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது.

"ரெண்டு சொட்டுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ. அதுக்கு மேல போட்டீங்கன்னா அது கிடார் இல்லீங்க, ஊறுகாய்."

பொள்ளாச்சிக்காரர். முப்பத்து நாலு வயது. சின்ச்வாடு பக்கம் கியர் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவு சரியாக இருந்தால் பச்சை அட்டை, திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள் அட்டை, தேறவே தேறாது என்றால் சிவப்பு அட்டை. இந்தப் பழக்கம் ஷிஃப்ட் முடிந்தாலும் முடியாது. நான் சுட்ட முதல் சப்பாத்தியில் மஞ்சள் அட்டை இருந்தது. இரண்டாவதில் சிவப்பு. பிறகு சமையல் அவர் பொறுப்புக்குப் போய்விட்டது. அந்த நஷ்டத்தை நான் இரண்டு வருஷமும் சந்தோஷமாகத் தாங்கிக்கொண்டேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்து, இரும்புப் பெட்டியோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு திறந்தது.

"கையக் காட்டுங்க தம்பி."

ஜோசியம் பார்ப்பார் போல என்று நீட்டினேன். அவர் ரேகையைப் பார்க்கவில்லை. மோந்து பார்த்தார்.

"மத்தியானம் என்ன சாப்டீங்க?"

"வடா பாவ்ணே."

"அதான பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவீட்டு வாங்க. பெறகு வீட்டச் சுத்திக் காட்டறேன்."

வீட்டில் இரண்டு அறைகள். மேற்கு வெயில் அடிக்கிற அறை எனக்கு. வெயிலே படாத, வடக்குப் பார்த்த, குளுகுளு அறை கிடாருக்கு. அவர் ஹாலில் பாய் விரித்துக்கொள்வார். கிடாரின் பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கடிகாரம் மாதிரி ஒன்று. ஏப்ரலில் காற்று காய்ந்து நாங்கள் இரண்டு பேரும் உதடு வெடித்துக் கிடப்போம். கிடாருக்கு மட்டும் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்த ஸ்பான்ச் தயாராக இருக்கும்.

"அண்ணே, எனக்கும் ஒரு டப்பா வைக்கக் கூடாதா?"

"நீங்க தண்ணி குடிச்சுக்குவீங்க தம்பி. அது குடிக்காதுங்களே."

இத்தனைக்கும் அந்தக் கிடார் அவருடையது இல்லை. அவரோடு முன்பு அதே வீட்டில் இருந்த டேனியல் என்பவருடையது. டேனியல் வேலை கிடைத்துக் கனடா போகும்போது, விமானத்தில் உடைந்துவிடும் என்று பயந்து இவரிடம் விட்டுப் போயிருக்கிறார். அந்தக் கிடாரை வாசித்துத்தான் டேனியல் தன் மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கினாராம். "அண்ணா, நான் குடுத்தபடியே எனக்குத் திருப்பிக் குடுங்க" என்று சொன்னாராம். யாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னது ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டரிடம்.

'கொடுத்தபடியே' என்றால் எப்படி என்று தெரிய வேண்டாமா? இவர் அன்றே ஸ்கேலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, ஏழாவது ஃப்ரெட் அருகே ஒரு கீறல், நாலு மில்லிமீட்டர்; பின்பக்கம் பொத்தான் உரசிய தடம், இரண்டு என்று ஒரு முழுத் தாள் எழுதி, டேனியலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பெட்டியை வாங்கியிருக்கிறார். ஆறு வருஷமாக அந்தத் தாளில் இல்லாத ஒரு கீறல்கூட அந்தக் கிடாரில் விழவில்லை. அவருக்குச் சொத்துபத்து, பட்டம் எல்லாம் அதுதான். 'டேனியல் வர்ற அன்னிக்கு' என்றுதான் அவருடைய பாதி வாக்கியங்கள் தொடங்கும்.

டேனியலின் கிடார் வழியாகப் பிடித்த கிறுக்கு, ஊரார் கிடார்களுக்கும் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படிக்கட்டில் கிடாரும் கையுமாகக் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவை எல்லோரும் காக்கு என்போம், மராத்தியில் சித்தி மாதிரி. அவர் முதலில் இவர் எலும்பு வைத்தியர் என்றே நினைத்திருந்தார்.

வைத்தியம் எளிதுதான். பழைய கம்பிகளைக் கழற்று. உலர்ந்த டூத் பிரஷால் ஃப்ரெட்டுகளின் ஓரத்து அழுக்கைத் தேய்த்து எடு. அதற்கென்றே விற்கிற எண்ணெயைத் துணியில் ரெண்டு சொட்டு விட்டு, மரத்தின் ரேகை போகிற வாக்கில் தடவு. அஞ்சு நிமிஷம். மறுபடி துடை. துடைத்த துணியில் எண்ணெய் ஒட்டாத வரைக்கும் துடை. அவ்வளவே. ஆனால் அந்த அஞ்சு நிமிஷத்தில் வந்தவர் வாழ்க்கை முழுவதும் விசாரணைக்கு வரும். விரல் அழுக்கைப் பார்த்தே, "நீங்க வாசிச்சுட்டே சிப்ஸ் திங்கறீங்க" என்பார். ஒரு பையன் அழாத குறையாக ஒப்புக்கொண்டான்.

ஒருநாள் ஒருவன் வெளிர் மஞ்சள் பலகை வைத்த எலெக்ட்ரிக் கிடாரோடு வந்தான். மேப்பிள் மரம். இவர் கையை எடுத்துவிட்டார்.

"இதுக்கு எண்ணெய் கூடாதுங்க. மேல வார்னிஷ் அடிச்சது. ஈரத்துணியில தொடச்சு, காஞ்ச துணியில தொடச்சாப் போதும்."

"இல்ல அண்ணா, ரெண்டு சொட்டு போடுங்க. இவ்ளோ தூரம் வந்திருக்கேன்" என்றான் அவன் இந்தியில்.

"ரெயின்கோட் போட்டவனுக்குத் தலையில எண்ணெய் வெச்சா மண்டைக்கு எறங்குமா?"

இதை இந்தியில் மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் செய்தேன். பையன் நெடுநேரம் யோசித்தான். பிறகு ரெயின்கோட் இல்லாத கிடார் ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் வந்தான்.

பொங்கலுக்கு எங்கள் பகுதித் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் நாங்கள். மேடையில் ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடினார். ஹாலே அவரைப் பார்த்தது. ரெண்டு சொட்டு மட்டும் கிடார்காரரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கு ஒழுகுவதைப் பார்க்கிற முகத்தோடு.

"தம்பி, அந்தப் பலகையப் பார்த்தீங்ளா? உளுந்து வெதைக்கலாம்."

"அண்ணே, பாட்டக் கேளுங்க."

"எப்படிங்க கேக்கறது?"

இடைவேளை விட்டதும் மேடைக்குப் போய்விட்டார். ரசிகர் ஒருவர் வருகிறார் என்று கிடார்காரர் புன்னகையோடு பேனாவை எடுத்தார். இவர் சட்டைப்பையிலிருந்து டூத் பிரஷை எடுத்தார். கச்சேரியின் இரண்டாம் பாதி இருபது நிமிஷம் தாமதமானதற்கு நிர்வாகிகள் மைக்கில் மன்னிப்புக் கேட்டார்கள். கிடார்காரர் மட்டும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் ஆண்டுக்கு இரண்டு முறை தேஹு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து போனதாகத்தான் எனக்கு நினைவு.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அதே வருஷம் டிசம்பரில் ரெண்டு சொட்டின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பதால் பத்து நாள் பொள்ளாச்சி போனார். போன அஞ்சாம் நாள், அவர் போன் எடுக்கவில்லை என்று, அவர் முன்பே கொடுத்திருந்த என் நம்பருக்கு டேனியல் போன் செய்தார். ஊருக்கு வந்திருக்கிறாராம். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு புனே வந்து கிடாரை வாங்கிக்கொள்கிறாராம். நான் உடனே பொள்ளாச்சிக்கு போன் போட்டேன்.

மறுமுனையில் நாதஸ்வரத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"வர்றாருங்ளா?" என்றார். "நான் வெள்ளிக்கெழம காத்தாலயே வந்துருவேன். நீங்க பெட்டியத் தொறந்து ஈரம் எவ்ளோ காட்டுதுன்னு மட்டும் பாருங்க. ஸ்பான்ச்ச நனைச்சு வைங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

திறந்தேன். பலகை வெளுத்து, எங்கள் அப்பாவின் குதிகால் மாதிரி வறண்டு கிடந்தது. அக்டோபரில் போட வேண்டிய எண்ணெய், கம்பெனியில் ஆடிட் வந்ததால் அந்த வருஷம் தள்ளிப்போயிருந்தது. எண்ணெய்ப் புட்டி அவர் பீரோவில், பூட்டுக்குள். ஆறு வருஷம் காத்த மனிதர் ஊரிலிருந்து அலுத்து வந்து, ஒரே நாளில் இதைச் சரிசெய்ய வேண்டும். நான் படித்தவன். சும்மா இருப்பேனா?

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஏம்மா, மரம் காஞ்சுபோனா என்ன பண்ணுவ?"

"புது சப்பாத்திக் கட்டைக்கு என்ன பண்ணுவோம்? எண்ணெயத் தடவி வெயில்ல வைப்போம். எதுக்குய்யா, கட்டை வாங்கிட்டியா?"

"ஒரு கட்டை இருக்கும்மா. கொஞ்சம் நீளமா."

"அப்பக் கூடுதலாத் தடவு."

கம்பிகளைக் கழற்றினேன். தேங்காய் எண்ணெயை எடுத்தேன். புனே டிசம்பரில் தேங்காய் எண்ணெய் எண்ணெயாக இருக்காது, மெழுகுவத்தியாக இருக்கும். ஸ்பூனால் தோண்டி, கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டி உருக்கினேன். ரெண்டு சொட்டு என்பது அவருடைய விலையுயர்ந்த எண்ணெய்க்குத்தான், வீட்டு எண்ணெய்க்குக் கணக்குத் தனி என்று முடிவு செய்து ஆறு ஸ்பூன் விட்டேன். மரம் குடித்தது. கருகருவென்று மின்னியது. பால்கனி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, ஒரு தாய்க்குரிய பெருமையோடு பெட்டிக்குள் படுக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். தோளில் பை, கையில் முறுக்கு டின். நேராக வடக்கு அறைக்குப் போனார். நானும் பாராட்டு வாங்கப் பின்னாலேயே போனேன். பெட்டியைத் திறந்தார்.

குளிரில் எண்ணெய் உறைந்திருந்தது. ஒவ்வொரு ஃப்ரெட்டின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக, மார்கழிக் கோலம் போட்ட மாதிரி. நடுவில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அவர் டின்னைக் கீழே வைத்தார். பைக்குள் கைவிட்டு அட்டைகளை எடுத்தார். மஞ்சள் அட்டையைக் கிடாரில் கட்டினார். சிவப்பு அட்டையை என் சட்டைப் பொத்தானில் மாட்டினார்.

"எவ்ளோ ஊத்துனீங்க?"

"ஆறு ஸ்பூன்ணே."

"தாளிச்சீங்ளா?"

"இல்லண்ணே. உருக்கினேன்."

"அந்த மட்டுக்கும் புண்ணியம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரோஸ்வுட்டுங்க இது. நம்மூர்ல ஈட்டின்னு சொல்லுவோமே. சமையல் எண்ணெய் உள்ள போனா நாளாவட்டத்துல சிக்குப் புடிச்சு நாறும். ஃப்ரெட்டுக் கம்பி இளகும். நாளைக்கு சாயங்காலம் வர்றாருங்க அவரு."

அவர் கம்பெனிக்கு போன் செய்து இரண்டு நாள் லீவு சொன்னார். நானும் சொன்னேன். காக்குவிடம் முடி உலர்த்துகிற மெஷினைக் கடன் வாங்கினேன்.

"யாருக்குடா முடி?" என்றார் காக்கு மராத்தியில், ரெண்டு சொட்டின் முன்வழுக்கையை மனதில் வைத்துக்கொண்டு.

கை பொறுக்கிற சூட்டில் காட்டிக் காட்டி எண்ணெயை இளக்கினோம். டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்தோம். இருபது ஃப்ரெட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம். பல்குத்தும் குச்சியில் துணியைச் சுற்றி, நாற்பது ஓரத்தையும் நான் சுரண்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "மறுபடி" என்பார். பதினொன்றாவது ஃப்ரெட்டை ஒன்பது முறை சுரண்டினேன். பிறகு பெயிண்ட் கடையில் வாங்கிய, பிசுக்கை எடுக்கிற நாஃப்தாவைத் துணியில் தொட்டு, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துத் துடைத்தோம். அந்த வாடைக்குக் காக்கு மேலே வந்து அடுப்பு அணைந்திருக்கிறதா என்று தாமே பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை பக்கத்து ஆக்குர்டி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி, புனே போய்ப் புதுக் கம்பிகள் வாங்கி வந்தேன். அவர் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருச்சாண்ணே?"

"சிக்கு இல்ல. வாடை இல்ல. ஆனாப் பாருங்க, அஞ்சாவதுலருந்து ஒம்பதாவது வரைக்கும் ஒரு சாயல் கருத்துருச்சு. அது இனிப் போகாதுங்க."

நான் பார்த்தேன். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்கிற அளவுதான்.

"அவரு கண்டுபிடிக்க மாட்டாருண்ணே."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வைக்கு அட்டை எதுவும் அச்சடிக்கப்படவில்லை.

சாயங்காலம் டேனியல் மனைவி, மகளோடு வந்தார். வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்கண்ணா என் கிடார்?"

"உக்காருங்க டேனியல். முதல்ல தாளு."

ஆறு வருஷத்துக்கு முந்தைய தாளையும் அன்று எழுதிய புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டேனியல் சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கினார். கீறல், நாலு மில்லிமீட்டர், மாற்றமில்லை. பொத்தான் தடம், இரண்டு, மாற்றமில்லை. கடைசி வரியில் நிறுத்தினார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தரை பிளந்தால் போய்விடலாம் என்றிருந்தது.

"தேங்காய் எண்ணெயா? யாருண்ணா போட்டது?"

நான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, அடுப்புல பால் பொங்குது பாருங்க" என்றார் ரெண்டு சொட்டு. அடுப்பில் பாலே இல்லை.

"என்ற பொறுப்புல இருக்கறப்ப நடந்ததுங்க டேனியல். அஞ்சுலருந்து ஒம்பது வரைக்கும் நிறம் மாறீருச்சு. குடுத்தபடி குடுக்க முடியல. மன்னிச்சுக்கணும்."

டேனியல் கிடாரை மடியில் வைத்து அந்த இடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. இவரே சுட்டிக் காட்டினார். டேனியல் விரலால் தடவிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். ஆறு வருஷத்தில் விரல் மறந்துபோயிருந்தது. இரண்டு இடத்தில் தடுக்கிற்று. ஆனாலும் அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மகள், "அப்பா, உனக்கு இது தெரியுமா?" என்றாள்.

"இது பாழாப் போயிருக்கும்னு நெனச்சுத்தாண்ணா வந்தேன்" என்றார் டேனியல். "சும்மா உங்களப் பார்த்துட்டுப் போலாம்னு."

ரெண்டு சொட்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். "மூணாவது கம்பி கொஞ்சம் எறங்கீருக்குதுங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு வடக்கு அறை வெறிச்சென்று கிடந்தது. மேஜையில் புதுத் தாளின் நகல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'காரணம்: கவனக்குறைவு. பொறுப்பு:' என்ற இடத்தில் அவருடைய பெயர், முழுதாக, இனிஷியலோடு. கீழே கையெழுத்து. என் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

"ஏண்ணே? செஞ்சது நானு."

"கை நீட்டி வாங்குனது நானுங்களே" என்றார், முறுக்கு டின்னைத் திறந்துகொண்டே. "அக்டோபர்ல போடாம விட்டதும் நானு. சாப்புடுங்க. அக்கா உங்களுக்குன்னு தனியாக் குடுத்துவுட்டுது."

போன வருஷம் அவர் கம்பெனி மாறி ஓசூர் போய்விட்டார். வடக்கு அறையில் இப்போது நான் இருக்கிறேன். என்னுடைய ரிப்போர்ட் கார்டுகள் எல்லாவற்றிலும், பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பாவின் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை, அந்த ரேகைதான் என்னைப் படிக்க வைத்தது. ஆனால், என் பொருட்டு ஒருவர் பேனாவைத் திறந்து, தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டதை, என் வாழ்க்கையில் முதன்முதலாக அந்தத் தாளில்தான் பார்த்தேன்.